நடாமல் விட்ட கல்

“இழுங்க சார், இழுங்க… இருங்க, இருங்க! விட்டுடாதீங்க. அப்டியே புடிச்சிக்கினு நில்லுங்க.”

கயிற்றின் மறுமுனையில் ஏழெட்டுப் பேர் குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றார்கள். வேலிகாத்தான் வேர் அசைந்து கொடுத்ததே தவிர வெளியே வரவில்லை. ஏசுபாதம் குழிக்குள் இறங்கிக் கடப்பாரையை வேருக்கு அடியில் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டான். உள்ளே ஏதோ முறிந்தது. “இப்ப!” என்றான். கயிறு பிடித்தவர்கள் மொத்தமாக மல்லாந்து விழுந்தார்கள். வேர் சேற்றோடு அவர்கள் காலடியில் வந்து கிடந்தது.

“இது மரமா, இல்ல எங்க ஆபீஸ் ஹெட் கிளார்க்கா? உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குதே” என்றார் தேவானந்தம், பேண்ட்டைத் தட்டிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுபாதமும் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி இருமி முடித்தான்.

கீழ்க்கட்டளையைத் தாண்டி இருந்த ஏரி அது. தொண்ணூற்று நான்காம் வருஷத்து ஜனவரி. மழை நன்றாகப் பெய்து ஏரி கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து இறங்கி, கரையின் தாழ்ந்த இடத்தைக் கடந்து தண்ணீருக்குப் போகும் வழிதான் பாய்த்துறை. ஒரு காலத்தில் அங்கே ஒரு கிளப்காரர்கள் பாய்ப்பலகை விடுவார்கள். ஆள் நீளத்துக்கும் மேலான ஒரு பலகை, அதன் நடுவே கம்பு, கம்பில் பாய். ஒருவர் பலகைமேல் நின்று பாயைப் பிடித்துக்கொண்டால் காற்று இழுத்துப் போகும். அந்தக் கிளப் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அதன்பிறகு வழி முழுக்க வேலிகாத்தான் மண்டிக்கிடந்தது. உள்ளே ஆட்டுத்தலை, பீர் பாட்டில், செத்த நாய், கோணிப்பையில் கட்டிப் போட்ட கோழி இறகு. பன்றி மட்டும் போய்வரும்.

கிளப்பை மறுபடி தொடங்க வேண்டும் என்று தேவானந்தத்துக்கு ஆசை. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பழைய கிளப்பில் அவர்தான் செயலாளர். சர்ச்சில் பேசி, காலனியில் பேசி ஆட்களைச் சேர்த்திருந்தார். சில ஞாயிறுகளாக அவர்கள் வந்து வெட்டினார்கள், அள்ளினார்கள், எரித்தார்கள். அன்று வேலை முடிந்துவிடும்போல இருந்தது.

முதல் ஞாயிறன்றே ஏசுபாதம் யாரும் கூப்பிடாமல் வந்து நின்றான். தேவானந்தம் அவனை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று.

“ஏசுபாதமா? என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்டே? இப்ப எங்க வேலை?”

“பெயிண்ட் வேலை சார். காண்ட்ராக்ட்ல.”

“கிளப் வந்தா ஒரு ஆள் வேணும். முழுநேர ஆள். ஷெட்டுப் பொறுப்பு, பாய் கட்டறது, எல்லாம். உன்னை விட்டா யார் இருக்கா?”

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அதன்பின் ஒரு ஞாயிறும் அவன் தவறவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்தான், எல்லோருக்கும் பின்னால் போனான்.

பெயிண்ட் வேலை என்று சொன்னது பொய். பம்மலில் ஒரு தோல் கம்பெனியின் கழிவு லாரியில் அவன் கிளீனர். தோல் ஊறிய தொட்டியின் தண்ணீரையும் அடியில் தங்குகிற சகதியையும் டேங்கரில் ஏற்றி எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். லாரி பின்னோக்கி வரும்போது இறங்கி வழி சொல்வது, வால்வைத் திறப்பது, குழாயில் அடைத்துக்கொண்ட மயிரையும் கொழுப்பையும் கையால் தோண்டி எடுப்பது, இவ்வளவும் அவன் வேலை. கை வெடித்து வெடித்து ஆறி, இப்போது ஆறுவதை நிறுத்திவிட்டது. விரலிடுக்குகள் வெள்ளையாகவும் நகங்கள் கருப்பாகவும் இருந்தன. தேவானந்தம் எல்லோருக்கும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தபோது அதற்காகச் சந்தோஷப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

பதினோரு மணி வாக்கில் டீயும் பன்னும் வந்தன. ரத்தினபாய் டீச்சர் தூக்குவாளியிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அஸ்தினாபுரத்துக்காரி. பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்க அவள் கூச்சப்படவில்லை.

“அண்ணா, அந்தக் கையுறையைக் கழட்டிட்டுத்தான் சாப்பிடுங்களேன். அதோட மாவு பிசைவீங்க போல இருக்கே.”

“பரவால்ல டீச்சர். கழட்டினா திரும்பப் போடறது பேஜாரு.”

“ராத்திரி படுக்கும்போதாவது கழட்டுவீங்களா, இல்ல உங்க வீட்டம்மாவும் இப்படித்தான் பாக்கிறாங்களா?”

அவன் பன்னைக் கையுறையோடேயே பிய்த்துத் தின்றான். ரப்பர் வாசனையில் பன் ருசி தெரியவில்லை.

வீட்டம்மா என்றால் ஞானம்மாள். பம்மலில் தோல் தொட்டியில் நின்று நின்றே பின்னாளில் செத்துப்போன ஒருவரின் மகள். எண்பத்தி நான்கில் பெண் கேட்டுப் போனபோது அவள் கேட்டது ஒன்றுதான்: மாப்பிள்ளைக்குத் தோல் வேலையா? இல்லை, ஏரியில் பாய் கட்டுகிற வேலை என்றார்கள். அது என்ன வேலை என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் அப்பாவுக்கும் தெரியவில்லை. நாற்றம் இல்லாத வேலை என்பது மட்டும் புரிந்தது. ஒத்துக்கொண்டாள்.

கிளப் அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் வந்திருந்தது. கரைக்குப் பின்னால் குடியிருந்த இளவட்டங்களில் தோள் அகன்றவன் என்று பார்த்து, பலகை தூக்க அவனை வைத்தார்கள். தூக்கியவன் துடைக்கக் கற்றான், பிறகு பாய் கட்ட, பிறகு யாரும் இல்லாத மத்தியானங்களில் தானே பலகைமேல் ஏற. பிற்பகலில் கடல்காற்று வந்து தண்ணீரின் நிறம் மாறும். அதைப் பார்த்ததும் பாயை உயர்த்துவான். ஏரியின் மறுகரை அவனை நோக்கி ஓடி வரும். அந்த வருஷங்களில் ஞானம்மாள் அவன் சட்டையைத் துவைக்கும்போது முகர்ந்து பார்ப்பாளாம். தண்ணீர் வாசனைதான் வந்தது என்று பிறகு ஒருமுறை சொன்னாள். அதைச் சொன்னது சண்டையில்.

கிளப் போனதற்கு எல்லோரும் தண்ணீரைத்தான் காரணம் சொன்னார்கள். ஏரியில் ஆகாயத்தாமரை பரவியது உண்மை. ஒருவர் இருவருக்கு உடம்பில் கொப்புளம் வந்ததும் உண்மை. ஏசுபாதத்தின் கணக்கு வேறு. அவன் கல்லைச் சொல்வான்.

செங்கல் லாரிகளை ஏரியில் இறக்கிக் கழுவுகிறார்கள் என்று வழியின் நடுவே இரண்டு கல்தூண்களை நட்டார்கள். குழி தோண்டியவன் அவன்தான். லாரி நின்றது. கூடவே பலகை ஏற்றிவரும் வண்டியும் நின்றது. ரோட்டிலிருந்து தண்ணீர்வரை ஒவ்வொரு பலகையையும் தூக்கிப் போக வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர்கள் இரண்டு முறை தூக்கினார்கள், மூன்றாம் முறை வரவில்லை. பழையவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு முட்டுக்காட்டுப் பக்கம் போகலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். போயும் விட்டார்கள். “அங்க ஷெட்டு ரெடியானதும் சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

டீ குடித்து முடிந்தபிறகு புதரின் கடைசிப் பகுதியை வெட்டினார்கள். அடியில் அந்த இரண்டு கற்களும் கிடந்தன. யாரோ எப்போதோ சாய்த்துப் போட்டவை. ரத்தினபாய் டீச்சர் துடைப்பத்தால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள்.

“சார், இது கேட்டுல நிக்கிற கல்லு மாதிரி இருக்கே. இதை வழிக்கு நடுவுல நட்டுட்டா என்ன? ஆள் வரலாம், சைக்கிள் வரலாம். கண்ட வண்டியும் உள்ள வந்து கொட்டிட்டுப் போகாது.”

“நல்ல யோசனைதான்” என்றார் தேவானந்தம். பிறகு தாடையைத் தடவினார். “ஏசுபாதம், நீ சொல்லு. முன்னாடி நட்டிருந்தோம் இல்ல?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனிடம் யாரும் யோசனை கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கண்ட வண்டி என்று டீச்சர் சொன்னபோதே அவன் கண்ணுக்குள் ஒரு லாரியின் பின்புறம் வந்து நின்றது. துருப்பிடித்த வால்வு, அதில் சுற்றிய கோணி, எல்லாம் தெரிந்தது. பொன்னுசாமிக்குத்தான் மலையடியில் கல்குவாரிப் பள்ளம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான். பொன்னுசாமி லாரி டிரைவர். இரண்டு வருஷமாக அவர்கள் அங்கேதான் கொட்டினார்கள். அந்தப் பள்ளம் நிரம்ப இன்னும் பத்து வருஷம் ஆகும். இங்கே எதற்கு வரப்போகிறான்?

“வேணாம் சார்” என்றான்.

“ஏம்பா?”

“வண்டி தண்ணிகிட்ட வரணும் சார். இல்லாட்டி நம்ம கதை பழைய கதைதான். ரோட்லேர்ந்து தூக்கிக்கினு வான்னா எவன் வருவான்? ரெண்டு ஞாயித்துக்கெழம வருவான், அப்றம் சர்ச்சிலயே படுத்துக்குவான்.”

தேவானந்தம் சிரித்தார். “அதுவும் சரி. போன தடவை முதுகு போனது எனக்குத்தான் தெரியும்.”

“ஒரு கல்லாவது ஓரமா நடலாமே” என்றாள் டீச்சர்.

“ஓரமா நட்டா இன்னா பிரயோஜனம் டீச்சர்? ரெண்டுத்தையும் தண்ணியோரமாப் படுக்கப் போட்டுடலாம். உக்காந்து பாய் கட்டலாம். நீங்ககூட உக்காந்துக்கினு காத்து வாங்கலாம்.”

அவன் சொன்னபடியே ஆயிற்று. கயிறு கட்டி இழுத்து, இரண்டு கற்களையும் கரையோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப்போட்டார்கள். வழி ஈரமாக இருந்தது, வண்டிச் சக்கரம் புதையும் என்று அவன்தான் சொன்னான். இடிந்த ஷெட்டின் செங்கல்லையும் ஜல்லியையும் கூடை கூடையாகச் சுமந்து ரோட்டிலிருந்து தண்ணீர்வரை பரப்பினார்கள். அவனே மேலேறி மிதித்து மிதித்துப் பார்த்தான்.

“இப்ப யானையே வந்தாலும் தாங்கும் சார்.”

மூன்று மணிக்குத் தேவானந்தம் தம் கார் கூரைமேல் கட்டிவந்த பழைய பலகையை இறக்கினார். காரைத் தண்ணீர்வரை ஓட்டிவந்து இறக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பாய் நைந்திருந்தது. ஏசுபாதம் கல்லின்மேல் உட்கார்ந்து அதை விரித்தான். கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கழற்றினான். கயிறு வெடிப்புகளுக்குள் நுழைந்து எரிந்தது. விரல்கள் மறக்கவில்லை.

ரத்தினபாய் டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தாள். கைகளைப் பார்த்துவிட்டாள்.

“பெயிண்ட் வேலைல இப்படி ஆகுமாண்ணா?”

“டர்பண்டைனு டீச்சர். கழுவுறதுக்கு அதான். சுட்டுடும்.”

“டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று மட்டும் சொன்னாள். அவள் நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீயே போ ஏசுபாதம். முதல் ஓட்டம் உன்னோடது” என்றார் தேவானந்தம்.

அவன் பலகையில் ஏறினான். தண்ணீரில் லேசான சாக்கடை நாற்றம் இருந்தது. ஆகாயத்தாமரை அடிப்பலகையில் உரசியது. பாயைத் தூக்கினான். முதல் காற்றிலேயே விழுந்தான். கரையில் யாரோ விசிலடித்தார்கள். மறுபடி ஏறினான். இரண்டாம் முறை பாய் நிரம்பிப் பலகை கிளம்பிவிட்டது. அதிகத் தூரம் போகவில்லை. பாதி ஏரிவரை போய், திருப்பி, வந்துவிட்டான். மூச்சு வாங்கியது. கரையேறிக் கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்திருப்பான் என்று நினைத்தார்கள்.

“ஒண்ணாந்தேதியிலேர்ந்து வந்துடு” என்றார் தேவானந்தம். “கமிட்டில பேசிட்டேன். ஷெட்டுக்கு ஓலை போட்டுடலாம். அதுவரைக்கும் இடத்தைச் சுத்தமா வச்சிக்கோ, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கமிட்டிக்காரங்க வந்து பார்ப்பாங்க. இடம் இப்படியே இருக்கணும்.”

“இருக்கும் சார்.”

“நான் நாளைக்கு ஸ்கூல் விட்டதும் போர்டு கொண்டுவந்து வச்சிடறேன்” என்றாள் ரத்தினபாய் டீச்சர். “எங்க டிராயிங் மாஸ்டர் காலைல எழுதிக் குடுக்கறேன்னிருக்கார். பச்சைல.”

வீட்டுக்குப் போனபோது ஞானம்மாள் அடுப்பில் குழம்பு வைத்திருந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“கையக் காட்னியா அவுங்களாண்ட?”

“அதெல்லாம் எதுக்கு?”

“எந்த லாரில போறேன்னு சொன்னியா?”

“விட்டுட்டு வந்தப்புறம் எந்த லாரியாயிருந்தா இன்னா?”

“எங்கப்பன் இப்டித்தான் சொல்லிக்கினு இருந்துச்சி. அடுத்த மாசம் விட்டுர்றேன், அடுத்த மாசம் விட்டுர்றேன்னு. தொட்டிலேர்ந்து தூக்கிக்கினுதான் வந்தானுங்க.”

ஆனாலும் சாப்பிடும்போது அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டையில் ஏரித்தண்ணீர் காய்ந்திருந்தது. அவள் மூக்கு அசைந்ததை அவன் பார்த்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கம்பெனியில் லோடு ஏற்றினார்கள். அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகப் பேச்சு இருந்ததால், சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாக வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு நடை. கல்குவாரிப் பள்ளத்துக்குப் போகிற வழியில் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கிணறு கெட்டுவிட்டதாம். ஒரு பெண் கல்லை எடுத்து எறிந்ததில் லாரியின் முன்கண்ணாடி விரிசல்விட்டது. பொன்னுசாமி வண்டியைத் திருப்பினார்.

பல்லாவரம் தாண்டியதும் பொன்னுசாமி சொன்னார். “நேத்து பஸ்ல வந்துக்கினு இருந்தேன். ஏரியாண்ட சோக்கா வழி போட்டு வச்சிக்கீறானுங்க. யார் வூட்டுப் புண்ணியமோ.”

“அது சேறுண்ணா. மாட்டிக்கும்” என்றான் ஏசுபாதம்.

“சேறு இன்னாடா சேறு? செங்கல்லு கொட்டிக் கீது. பஸ்லேர்ந்தே பாத்தேன். ஒரு காரு தண்ணிகிட்ட நின்னுக்கினு இருந்துச்சி.”

“வேற எங்கனா பாக்கலாம்ணா.”

“எங்க? உங்க மாமியா வூட்ல கொட்டலாமா?”

ஏசுபாதம் இறங்கிவிடலாம் என்று ஒருமுறை கதவில் கை வைத்தான். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. லாரி ஓடிக்கொண்டிருந்தது.

ஏரிக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. பொன்னுசாமி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். ஏசுபாதம் இறங்கிப் பின்னால் போய் நின்றான். “வா… வா… வர்லாம்… லெப்ட்ல ஒடி… வா…” என்றான். சக்கரம் புதையவில்லை. தண்ணீருக்கு ஓர் ஆள் தூரத்தில் “ஹோல்டான்” என்று லாரியைத் தட்டினான். கோணியை அவிழ்த்து வால்வைத் திறந்தான். அடைத்துக்கொண்டது. கையைவிட்டு எடுத்தான். பிறகு சரளமாக வந்தது. இரண்டு கற்களின்மேலும் விழுந்து ஏரிக்குள் போயிற்று.

இரண்டாவது நடைக்கு வந்தபோது நாலரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. காற்று நன்றாக அடித்தது. துறையின் நடுவில், ஜல்லிமேல் ஒரு போர்டைக் காலோடு நிறுத்தி, அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. ‘இங்கு அசுத்தம் செய்யாதீர். இது நம் ஏரி’ என்று பச்சையில் எழுதியிருந்தது. ரத்தினபாய் டீச்சர் கையில் ஒரு செங்கல்லோடு பக்கத்தில் நின்றிருந்தாள். தண்ணீரையும் கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். லாரியைப் பார்த்தாள். பின்னால் இறங்கி நின்றவனையும் பார்த்தாள்.

“யாருடா அந்தம்மா?” என்று பொன்னுசாமி கதவு வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்.

“தெரியாதுண்ணா.”

டீச்சர் செங்கல்லை இருந்த இடத்தில் வைத்தாள். குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறிப்போனாள். அவள் தேவானந்தம் வீட்டுப் பக்கமாகத்தான் திரும்பினாள்.

“போர்டு நடுவுல கீது, எட்த்து ஓரமா வையி. டயர் ஏறிடப்போவுது” என்றார் பொன்னுசாமி.

ஏசுபாதம் செங்கற்களைத் தள்ளிவிட்டுப் போர்டைத் தூக்கிப் போய் வேலிகாத்தான் ஓரமாகச் சாய்த்து வைத்தான். பெயிண்ட் இன்னும் காயவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து லாரிக்குப் பின்னால் நின்று, “வா… வா…” என்றான். வால்வைத் திறந்தான். டேங்கர் காலியாக நேரம் பிடித்தது. பொன்னுசாமி பீடி குடித்தார்.

பிறகு பம்மலுக்குத் திரும்பினார்கள். வண்டியைக் கழுவினான். வீட்டுக்குப் போய்க் குளித்தான், சோப்புப் போட்டு மறுபடி குளித்தான். ஞானம்மாள் சோறு போட்டாள். சட்டையைத் தனியாக வாசலில் போட்டாள்.